அந்தக் 'கூட' எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் தினத்தை ஒட்டித் தங்கள் இதழில் வந்த படத்தைப் பார்த்தேன். எட்டுப் பெண்பிள்ளைகள் பறையோடு நிற்கிறார்கள். கீழே ஒரே வரி: "பறையடிக்கக்கூடப் பெண்கள் வந்துவிட்டார்கள்!" பிள்ளைகள் யார், எந்த ஊர், எதற்காக அடித்தார்கள், ஒன்றும் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் கோடைக்கேற்ற மோர்க்குழம்பு. அதைச் செய்து அனுப்பிய அம்மாவுக்கு மட்டும் பெயர், ஊர், சின்னதாக ஒரு படம் எல்லாம் இருந்தது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. குழம்பை வைத்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

அந்த எட்டுப் பேருக்கும் பறை சொல்லிக் கொடுப்பவள் நான். ஆச்சரியக்குறியை விட்டுவிடுகிறேன். அந்தக் 'கூட'வைத்தான் விட முடியவில்லை. நாய்கூடச் சீந்தாது என்று சொல்வோமே, அந்தக் 'கூட'. பறை அவ்வளவு கீழே என்பதற்காகப் போட்டதா, பெண்கள் அவ்வளவு கீழே என்பதற்காகப் போட்டதா? இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டார் உங்கள் நிருபர். சிக்கனமான ஆள்.

என் அப்பா பறை அடித்தவர். விரும்பி அடித்தவர் இல்லை. ஊரில் இழவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். கூலி கொஞ்சம் நெல், மிச்சம் சாராயம். போகுமுன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக் கொடுப்பது அம்மா. எவ்வளவு காய்ந்தால் தோல் எப்படிப் பேசும் என்பது அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து "போதும்" என்பாள். தோலைச் சட்டத்தில் ஒட்டப் புளியங்கொட்டையை அரைத்துப் பசை காய்ச்சுவதும் அவள்தான். இப்போது "வந்துவிட்டார்கள்" என்கிறீர்கள். எங்கிருந்து ஐயா வந்தோம்? அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில்தானே இருந்தோம்?

நான் கையில் குச்சி பிடித்தது 1991இல். புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்த காலம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். தாங்கள் அறியாததல்ல. கலைக்குழுவில் என்னையும் சேர்த்தார்கள். பகலில் கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் ராத்திரியில் சிலேட்டோடு உட்கார்வார்கள். அதற்கு முன்னால் தெருமுனையில் எங்கள் பாட்டும் நாடகமும். ஆள் சேர்க்க முதலில் பறைச் சத்தம். அப்புறம் சைக்கிள் வந்தது. பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே ஓட்டினோம். முன்னால் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று பலர் அதையே விரும்பினார்கள். பல ஆயிரம் பெண்கள் ரோட்டில் இறங்கியதைப் பார்த்து வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து எழுதினார்கள். சைக்கிளை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் தெருவில் நின்று கத்தித் தொண்டை கட்டிப்போனவர்களை யாருக்கும் நினைவில்லை. அந்த இயக்கத்தின் 25 வருஷ நிறைவையொட்டித் தங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இடம் இருந்திருக்காது, மோர்க்குழம்புக்கு வேண்டுமே.

"பெண்கள்கூட" என்று யாராவது எழுதினால் எனக்குப் பழைய கணக்கெல்லாம் எழுந்து வருகிறது. நூறு வருஷத்துக்கும் முன்னால் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேஷமும் பெண்களே கட்டினார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்களுக்காக ஓடிய ரயிலுக்கே 'பாலாமணி ஸ்பெஷல்' என்று பெயர். மதுரை கே.பி.ஜானகியம்மாள் நாடக மேடையில் சுதந்திரப் பாட்டுப் பாடியவர், ஜெயிலுக்குப் போனவர், 1967இல் எம்.எல்.ஏ.வும் ஆனார். கன்னியாகுமரிப் பக்கத்துப் பூங்கனி அம்மாள் சிறுமியாக வில்லுப்பாட்டுக்கு வந்து, பல வருஷம் பாடி, 2018இல் இறந்தார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் 1990களிலிருந்தே பறையோடு ஆடுகிறார்கள். பெண் சிசுக்கொலையை எதிர்த்து நாடக இயக்குநர் அ.மங்கை நாடகம் போட்டதும் அந்தக் காலத்தில்தான். இதெல்லாம் ஆசிரியர் குழுவுக்குத் தெரியும் என்றுதான் நம்புகிறேன். நிருபருக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது முழுப்பக்கம் போட்டீர்கள், அழகாக எழுதியிருந்தீர்கள். அதில் 'கூட' இல்லை.

எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. போன வருஷம் ஒரு பிள்ளையின் அம்மா பயிற்சி நடக்கும் இடத்துக்கே வந்து பறையைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டார். "நாங்க விட்டுத் தொலைச்சதை எம்புள்ள ஏன் தூக்கணும்? நீங்க கைதட்டிட்டுப் போயிருவீங்க, ஊர்ல அவளுக்கு என்ன பேரு வரும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. என் அப்பாவும் சாகும்வரை அதையேதான் கேட்டார். ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளை தானாகத் திரும்பி வந்தது. இழவுக்கு அடிக்கச் சொன்னால் போகமாட்டேன், காசு பேசாமல் எங்கேயும் வரமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தது. இன்று எங்கள் குழுவுக்கே அதுதான் விதி.

முதல் மாதம் பிள்ளைகள் குனிந்தே நிற்பார்கள். குனிந்துகொண்டு பறை அடிக்க முடியாது. தோளில் தொங்கும் பறையை இடது கை தாங்கி, அந்தக் கையிலேயே நீளமான மெல்லிய சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. காலை அகட்டி நிமிர்ந்து நின்றால்தான் ஒத்தையடி என்கிற எளிய அடியே ஒழுங்காக விழும். காலை அகட்டி நிற்காதே, சத்தமாகப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். பதினைந்து வருஷப் பழக்கம், உடம்பிலிருந்து இறங்க நாள் எடுக்கிறது. உங்கள் படத்தில் எட்டுப் பேரும் எப்படி நிற்கிறார்கள் என்று ஒருதரம் பாருங்கள். அப்படி நிற்க எட்டு மாதம் ஆனது.

அந்தப் படம் எடுத்த நிகழ்ச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கல்லூரியின் மகளிர் தின விழா. காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். பெண்களின் முன்னேற்றம் பற்றி ஐந்து பேர் பேசினார்கள், அதில் நாலு பேர் ஆண்கள். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். உடை மாற்ற இடம் கேட்டதற்கு ஸ்டோர் ரூமைக் காட்டினார்கள். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டு "ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக்குங்கம்மா" என்றார்கள். அதற்குள் தோல் தொய்ந்துவிட்டது. காய்ச்ச வைக்கோல் கொளுத்தினால் ஷாமியானா பற்றிக்கொள்ளும் என்று ஒருவர் ஓடி வந்தார். கடைசியில் சம்பளத்துக்குப் பதில் பொன்னாடை. என் வீட்டில் பதினேழு பொன்னாடை இருக்கிறது. தலை துவட்டக்கூட உதவாது (இந்த இடத்தில் 'கூட' பொருந்துகிறது, கவனியுங்கள்). திரும்பும்போது பஸ்ஸில் எட்டுப் பறைக்கும் லக்கேஜ் டிக்கெட். வாங்கிய பொன்னாடையைக் கண்டக்டர் எடுத்துக்கொள்ளவில்லை.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் 2007இல் வந்ததே, அந்த அட்டைக்கு நான் அலைந்த கதையை எழுதினால் உங்களுக்கு இணைப்பிதழ் ஒன்று தேவைப்படும். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, கேட்க வந்தது சின்ன விஷயம். 'கூட'வுக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டாம், திருத்தம் என்று கட்டம் கட்ட வேண்டாம். அடுத்த இதழில் அதே படத்தை, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, எட்டுப் பேரின் பெயரோடு போடுங்கள். இடமிருந்து வலமாக எழுதித் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். மூன்றாவதாக நிற்கும் பிள்ளைக்கு அம்மா பெயர்தான் இனிஷியல், அதை யாரும் தப்பென்று நினைத்து மாற்றிவிட வேண்டாம். இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். என் பெயரையும் எடுத்துவிடலாம். இதழ் மட்டும் எட்டுப் பிரதி வேண்டும், பணம் அனுப்பிவிடுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம்.