பகலில் பறப்பது பெரிதில்லை

அன்புள்ள மாதேஷ்,

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ கேட்ட ராகி மாவை பஸ்ஸில் போட்டுவிட்டேன்.

போன வாரம் அஞ்செட்டிப் பக்கம் சித்தப்பா கொல்லையில் யானைகள் இறங்கிவிட்டன. முற்றிய கதிர், பாதிக்கு மேல் போயிற்று. மேட்டுக் கொட்டாய்க்காரர்கள் பார்த்துவிட்டார்கள். பள்ளத்தில் சிக்னல் இல்லாததால் சொல்ல வழியில்லை. பரண்மேல் படுத்திருந்ததால் சித்தப்பா பிழைத்தார். “யானைக்கும் சிக்னல் இல்லையே, கணக்குச் சரி” என்கிறான் கோவிந்தன். அவன் திருந்தமாட்டான்.

மேலே ஒன்று நின்றால் பள்ளத்துக்கும் சிக்னல் வருமே என்று, அன்றிலிருந்து எனக்கு ஆகாயக் கப்பல் பைத்தியம். 2025 மே 3 அன்று நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ மத்தியப் பிரதேசத்து ஷியோப்பூரிலிருந்து ஒன்றை ஏற்றிப் பார்த்தது: சுமார் 17 கிலோமீட்டர் உயரம், 62 நிமிடம். வெறும் பலூன்தானே என்பாய். பலூன் காற்றோடு போய்விடும். ஆளில்லாத இந்தக் கப்பல், சூரிய மின்சாரத்தில் விசிறியைச் சுழற்றி, மாதக்கணக்கில் ஒரே ஊருக்கு மேல் நிற்கவேண்டும் என்பதுதான் ஆசை. அப்படி நிற்கும் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இதற்கு 20 போதும். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர்கூட அதைவிடத் தூரம்.

ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பதினான்கில் ஒரு பங்குதான். இங்கே ஒரு கன மீட்டர் ஹீலியம் ஒரு கிலோவைத் தூக்கும். அங்கே எழுபது கிராம் சொச்சம். அதனால் ஹீலியம் அடைக்கும் பை பிரம்மாண்டமாக வேண்டும். அதைக்கூடச் சமாளிக்கலாம், இரவைத்தான் சமாளிக்க முடியவில்லை. விடியும்வரை விசிறி ஓட பேட்டரி வேண்டும். பேட்டரியின் எடைக்குப் பெரிய பை. பெரிய பையைக் காற்று அதிகமாகத் தள்ளும். அதற்கு இன்னும் பேட்டரி. நம் சுப்பிரமணி கடனை அடைக்கக் கடன் வாங்கிய கதைதான். எதிர்காற்று இரட்டித்தால் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு! 20 கிலோமீட்டர் வாக்கில் காற்று பொதுவாகத் தணிந்திருப்பதால்தான் அந்த உயரத்தைத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் 2011இல் லாக்ஹீட் மார்ட்டின் அனுப்பிய கப்பல் 60,000 அடிக்குப் போகவேண்டியது. 32,000 அடியிலேயே கோளாறாகி, பென்சில்வேனியா காட்டில் இறக்கினார்கள்.

நாளை இது நிலைத்து நின்றாலும் முதலில் எல்லையைத்தான் பார்க்கும், அஞ்செட்டிக் காட்டை யார் நினைக்கப்போகிறார்கள்? சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மாதேஷ். இன்னும் பரணில்தான் படுக்கிறார். சொன்னால் கேட்பதில்லை.

நீ பேட்டரிக் கம்பெனியில்தானே இருக்கிறாய். இப்போது ஒரு கிலோவில் எத்தனை வாட்-மணி அடைக்கிறீர்கள், அந்த உயரத்துக் குளிரில் எவ்வளவு தேறும் என்று விவரமாக எழுது. கோவிந்தனிடம் இதைக் காட்டாதே.

முனிராஜ்