போர் விமானம் கேட்பவர்கள் கூரையையும் சேர்த்துக் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1963-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த மிக்-21 போர் விமானத்துக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை கொடுக்கப்பட்டதை அடுத்து, அதில் ஒன்றை வாங்கித் தங்கள் ஊர்ப் பூங்காவிலோ நாற்சந்தியிலோ கல்லூரி வாசலிலோ நிறுத்திவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் எழுவது இயல்பே. அப்படி விண்ணப்பிக்கிறவர்கள், அந்த விமானத்தை ஆண்டுதோறும் பராமரிப்பதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அதே விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பறப்பதை நிறுத்திய விமானம் கெடுவதையும் நிறுத்திவிடும் என்று நினைக்கிறோம். அலுமினியக் கலவைத் தகடும் எஃகுத் திருகாணியும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால், முதலில் அரிபடுவது அலுமினியம்தான். வெளியே பெயின்ட் சிறு கொப்புளங்களாக எழும்பும். நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும். மிக்-21-இன் மூக்கில் திறந்திருக்கும் காற்று நுழைவாயையும் வாலடியில் உள்ள எஞ்சின் வாயையும் மூடாமல் விட்டால், ஒரே பருவத்தில் புறாக்கள் குடியேறிவிடும். எச்சமும் நனைந்த குச்சிகளும் உள்ளே சேர்ந்து ஈரத்தைக் காயவே விடாது. விமானி அறையின் கண்ணாடி போன்ற அக்ரிலிக் மூடி, உறை போடாவிட்டால் வெயிலில் மஞ்சளித்து, நுண்கீறல்கள் விழுந்து மங்கிப்போகும். சக்கரங்கள் மீதே நிற்க விட்டால் டயர்கள் வெடித்து விமானம் ஒரு பக்கம் சாயும். எடையை எஃகுத் தாங்கிகளுக்கு மாற்றியிருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நம்மவர்கள் கண்ட மருந்து, குடியரசு தினத்துக்கு முந்தைய வாரம் பழைய பெயின்டின் மேலேயே புதிதாக ஒரு பூச்சு. அடிவயிற்றில் மழைநீர் வடிவதற்கென்று உள்ள சிறு துளைகளை அந்தப் பூச்சு அடைத்துவிட, தண்ணீர் உள்ளேயே தேங்குகிறது. விமானத்தின் வரிசை எண்ணும் படைப்பிரிவுச் சின்னமும் அதோடு மறைந்துபோகின்றன. எந்த விமானம், எங்கே பறந்தது என்று சொல்ல அதன்பின் எதுவும் மிஞ்சுவதில்லை. முறையான மீட்பு என்றால், எழுத்துகளையும் சின்னங்களையும் முதலில் அளவெடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, பழைய பெயின்டை முழுவதும் நீக்கி, அரிப்பைச் சுத்தம் செய்து, எபாக்சி பிரைமர் அடித்து, அதன் மேல் வெயில் தாங்கும் பாலியூரித்தேன் பெயின்ட் பூச வேண்டும். மணலைப் பீய்ச்சிச் சுரண்டுவது பாலத்துக்குச் சரி, மெல்லிய விமானத் தகட்டுக்கு ஆகாது.

எல்லா விமானத்தையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. மிக்-21 எண்ணூறுக்கும் மேல் நம்மிடம் இருந்தன. அவற்றுள் சில திறந்தவெளிக்குப் போனால் பெரிய இழப்பில்லை என்றே சொல்வேன். ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூருவில் உருவாகி, 1961-இல் முதன்முதலாகப் பறந்து, 1971 போரில் பங்கெடுத்த மாருத் அப்படியல்ல. மொத்தம் 147 மட்டுமே கட்டப்பட்டன; இன்று ஒன்றுகூடப் பறக்கும் நிலையில் இல்லை. பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் முன் திறந்தவெளியில் ஒரு மாருத் நிற்கிறது. அந்த வழியே போகும் எவரும் சீட்டு வாங்காமலே பார்க்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய நன்மை. பக்கச் சுவர் இல்லாத உயரமான கூரை ஒன்று போட்டால் அந்த நன்மையும் போகாது, விமானமும் நனையாது. மிக்-21-க்கோ இது இன்னும் எளிது. நீளம் ஏறத்தாழ 15 மீட்டர், இறக்கையின் அகலம் ஏழு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. கல்யாணப் பந்தல் அளவு கூடத் தேவைப்படாது.

கடலோர ஊர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து 2017-இல் ஓய்வுபெற்ற டியூ-142 கண்காணிப்பு விமானம் இப்போது விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் உப்புக்காற்றில் நிற்கிறது. அத்தகைய இடங்களில் நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவி உப்பை நீக்காவிட்டால் எந்தப் பெயின்டும் நிலைக்காது.

எனவே, கூரைக்கான வரைபடமும் பராமரிப்புக்கான தனி வைப்புநிதியும் காட்டுகிறவர்களுக்கு மட்டுமே விமானப்படை இவற்றை வழங்க வேண்டும். அருகிலுள்ள விமானப்படைத் தளத்தின் தொழில்நுட்பர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்த்து அறிக்கை தரட்டும். இருமுறை எச்சரித்தும் கவனிக்காத நிறுவனத்திடமிருந்து விமானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நிபந்தனையையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்,
சூலூர், கோவை மாவட்டம்.