பற்றரிக்குப் பயப்படாதே, பிள்ளை

கொக்குவில்,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

நேற்று நீ காரின் பற்றரியையும் பிறேக்கையும் பற்றித் தொலைபேசியில் கேட்டவற்றுக்கு என்னால் வடிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. பேரன் அழுதான், நீயும் பாதியில் வைத்துவிட்டாய். இரவு முழுக்க உன் ரொயோட்டா பிரியஸே, பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் அந்த ஹைபிரிட் காரே, நினைவாக இருந்தது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து வாசி, மருமகனுக்கும் காட்டு.

முதலில் பற்றரி. கார் வேலைக்கு விட்ட இடத்தில், "பதினைந்து வயதாகிவிட்டது, பெரிய பற்றரியை மாற்றத்தான் வேண்டும்" என்று சொன்னார்களாம். எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்று கேட்டேன், இல்லை என்றாய். பெற்றோல் கூடக் குடிக்கிறதா என்றேன், வழக்கம்போலத்தான் என்றாய். அப்படியென்றால் மாற்றாதே. வயதை மட்டும் பார்த்துப் பற்றரி மாற்றுவது, தலை நரைத்ததற்காகப் பல்லைப் பிடுங்குவது போல.

உன் பிரியஸுக்குள் இருப்பது ஒரே பற்றரி இல்லை. 28 துண்டுகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், எல்லாம் சேர்ந்து 201.6 வோல்ட். உன் கைபேசியில் இருக்கும் லித்தியம் வகை இல்லை, நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். கார் அதை ஒருநாளும் முழுதாக நிரப்பாது, முழுதாக வடியவும் விடாது. ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்தே வேலை வாங்கும். இத்தனை வருடம் அது உழைப்பதற்கு அந்தக் கட்டுப்பாடுதான் காரணம். திரையில் பற்றரி முழுதாக நிரம்பவில்லையே என்று கவலைப்பட்டாயே, அது நல்லதற்குத்தான்.

சந்தேகம் தீரவேண்டுமென்றால், காரின் கணினியைப் படித்துக்காட்டும் ஸ்கானர் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொண்டுபோ. காரின் கணினி அந்த 28 துண்டுகளையும் 14 சோடிகளாக அளக்கிறது. காரை ஓட்டிக்கொண்டே 14 சோடிகளின் வோல்டேஜையும் தனித்தனியே காட்டச் சொல். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக விழுந்து எழும்பினால் அதுதான் நோயாளி. அளந்து காட்டாமல் மாற்று என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதே.

ஒரு துண்டை மட்டும் மாற்றித் தருகிறோம் என்றும் சிலர் சொல்வார்கள். இங்கேயும் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் அப்படித் துண்டு துண்டாக வாங்கிவந்து போட்டிருக்கிறேன், வேறு வழியில்லாதபோது. கிழட்டு மாடுகளுக்கு நடுவில் ஒரு இளங்காளையைப் பூட்டினால் வண்டி நேராகப் போகாது. சில மாதத்தில் அடுத்த துண்டு விழும், பிறகு அடுத்தது. உண்மையிலேயே பற்றரி போய்விட்டால் முழுதாக மாற்று. காசு போதாவிட்டால் எனக்குச் சொல்.

2020 மார்ச்சில் இங்கே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா? தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழிவிட 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடமும் பழைய ஹைபிரிட் கார்களை இழுத்துப் பிடித்து ஓடவைப்பதுதான் என் வேலையாக இருந்தது. பற்றரியைக் கொல்வது வயதைவிட வெப்பம் என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன். பின் சீற்றுக்குப் பக்கத்தில் சல்லடை போல ஒரு காற்றுவழி இருக்கும். காருக்குள் இருக்கும் காற்றை அதன்வழியே இழுத்துத்தான் ஒரு சின்ன விசிறி பற்றரியைக் குளிரவைக்கிறது. நான் கழற்றிய விசிறிகளில் புழுதி கம்பளிபோலப் படிந்திருந்தது. தலைமயிர், நாய்மயிர், ஒன்றில் சாமிப்படத்து மாலைப் பூவும் இருந்தது. பேரனின் குளிர் அங்கியும் சப்பாத்தும் பின் சீற்றில் எங்கே கிடக்கின்றன என்று பார். அந்தச் சல்லடையை மூடிக்கொண்டு கிடந்தால் இன்றைக்கே எடு.

சின்னப் பற்றரி ஒன்றும் இருக்கிறது, 12 வோல்ட், பின்னால் டிக்கியின் வலது மூலையில். உன் காரில் ஸ்ராட்டர் மோட்டார் கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரிதான். ஆனால் கணினியை எழுப்புவது இந்தச் சின்னது, அது படுத்துவிட்டால் கார் அசையாது. தைப்பொங்கலுக்கு நீங்கள் இங்கே வந்து நான்கு கிழமை நிற்கும்போது கார் பனியில் சும்மா நிற்கும் என்றாய். கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் யாரையாவது காரை வெளியில் வைத்து 'ரெடி' என்ற எழுத்து வரும்வரை ஸ்ராட் செய்து விடச் சொல். பிறேக்கை மிதிக்காமல் சுவிச்சை மட்டும் அமத்தினால் ரெடி வராது, உள்ளதும் வடிந்துபோகும்.

சரி, பிறேக். எனக்கு அதுதான் பெரிய கவலை.

"கால் வேறு எதையோ மிதிக்கிற மாதிரி இருக்கு அப்பா" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். சாதாரண காரில் மிதித்தால் அந்த அழுத்தம் ஒயில்வழியே நேரே சில்லுக்குப் போகும். உன் காரில், காலுக்கு எதிர்ப்புக் கொடுப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங். நீ எவ்வளவு அழுத்துகிறாய் என்று கணினி அளந்து, மோட்டாருக்குக் கொஞ்சம், பிறேக் கட்டைக்குக் கொஞ்சம் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த ஏற்பாடு பழுதானாலும் மிதி நேரே சில்லுக்குப் போக ஒரு வழி விட்டிருக்கிறார்கள். அப்போது முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். அதை மட்டும் மறக்காதே.

மோட்டார் எப்படிக் காரை நிறுத்தும் என்று கேட்டாய். அது உனக்குத் தெரியும், பிள்ளை. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஊருக்குள் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் செய்தி கேட்போம். நீ அப்போது மூன்றாம் ஆண்டு. பெடலைக் கையால் சுற்றுவது உன் வேலை. டைனமோவை றயரில் சாய்த்தவுடன் "பாரமா இருக்கு அப்பா" என்பாய். அந்தப் பாரம்தான் உன் காரின் பிறேக். ஓடுகிற சில்லு மோட்டாரைச் சுற்றுகிறது, கரண்ட் பற்றரிக்குப் போகிறது, சில்லுக்குப் பாரம் ஏறிக் கார் மெதுவாகிறது.

கார் நிற்கப் போகும் நேரம், மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு வந்தவுடன், மோட்டார் கையை விட்டுக் கட்டை பிடிக்கும். பள்ளத்திலோ பனியிலோ சில்லு வழுக்கினாலும் அப்படித்தான். அந்தக் கைமாற்றத்தில் ஒரு நொடி கார் முன்னால் நழுவுவதுபோல இருக்கும். 2010 பெப்ரவரியில் இந்தக் காரணத்துக்காகவே ரொயோட்டா உலகம் முழுவதும் சுமார் 437,000 ஹைபிரிட் கார்களைத் திருப்பி அழைத்து மென்பொருளை மாற்றியது. 2013 ஜூனில், பிறேக் அழுத்தத்தைச் சேமிக்கும் கலத்துக்காகச் சுமார் 242,000 கார்களை அழைத்தார்கள். உனக்கு இருக்கும் உணர்வு அதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன்னுடையது 2010 மொடல், பலர் கைமாறி வந்தது. செசி இலக்கத்தைக் கொடுத்து அந்த வேலைகள் முடிந்திருக்கின்றனவா என்று கேள். நாளைக்கே கேள். ஒரு தொலைபேசி அழைப்புத்தானே.

கதவைத் திறந்தவுடன் "ஸ்ஸ்" என்று வரும் சத்தம் பழுது இல்லை. நீ ஏறமுன்னமே பிறேக் பம்ப் அழுத்தத்தைச் சேர்த்துவைக்கிறது. ஆனால் பிறேக் கட்டையை அழுத்திப் பிடிக்கும் கலிப்பரைக் கழற்றி வேலை செய்பவருக்கு இது ஆபத்து. யாராவது கதவைத் திறந்தால் பம்ப் ஓடிக் கலிப்பரின் பிஸ்ரனை வெளியே தள்ளலாம், விரலும் அகப்படலாம். ஹைபிரிட்டில் வேலை பழகியவரிடம் மட்டும் கொடு.

இன்னொன்று. மோட்டாரே பாதி வேலையைச் செய்வதால் உன் பிறேக் கட்டைகள் சீக்கிரம் தேயாது. கட்டை தடிப்பாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு எல்லோரும் விட்டுவிடுவார்கள். உங்கள் ஊரில் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள். வேலை இல்லாமல் கிடக்கும் கலிப்பர் அந்த உப்பில் கறள்பிடித்து இறுகிவிடும். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது. கட்டை தேயாவிட்டாலும் வருடம் ஒருமுறை, பனி முடிந்தவுடன், நாலு சில்லையும் கழற்றி, கலிப்பர் ஓடும் ஊசிகளைத் துடைத்து, கிறீஸ் பூசச் சொல். பெரிய பற்றரிக்குக் கேட்ட காசோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. அந்த வேலையை நானே கீழே படுத்துச் செய்து தந்திருப்பேன், நீ கொக்குவிலில் இருந்திருந்தால்.

பெரிய பற்றரியின் கரண்ட் போகும் செம்மஞ்சள் நிற வயர் எதையும் மருமகன் தொடக்கூடாது, கார் நிறுத்தியிருந்தாலும்.

இப்போதைக்கு, பின் சீற்றுப் பக்கத்துச் சல்லடையைக் கிட்டவாகப் படம் எடுத்து அனுப்பு. பிறேக் மிதித்து நிற்கும்போது வரும் சத்தத்தையும், கண்ணாடியை இறக்கிவிட்டு, மருமகனைப் பதிவு செய்து அனுப்பச் சொல். நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா, வரும்போது கொண்டுபோகலாம்.

அன்புடன்,
அப்பா