டேங்க்னா சும்மா அடி வாங்குற ஆளா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இளைஞர் பக்கத்துல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் கேம்ல வர்ற டேங்க் கிளாஸ் (எதிரிங்க அடிய தன் மேல வாங்கி கூட்டாளிங்களைக் காப்பாத்துற பாத்திர வகை) பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல இதெல்லாம் வருதேன்னு ஆசையா படிக்க ஆரம்பிச்சேன், பாதியில "டேங்க் ஆடத் திறமை தேவையில்லை, அடி வாங்கிக்கொண்டு நின்றால் போதும், எல்லா டேங்கும் ஒன்றுதான்"னு ஒரு வரி. மனசு விட்டுப்போச்சுங்க. அதுக்குக் கீழேயே டெத் நைட்ங்கிற கிளாஸ் கேடயத்தால தடுப்பாருன்னு வேற. டெத் நைட்டால கேடயம் தூக்கவே முடியாது, 2008ல அந்த கிளாஸ் வந்ததிலேர்ந்து அப்படித்தான், இது உங்களுக்குத் தெரியாததா ஐயா?

நான் ஸ்கூல் படிக்கிறப்ப டவுன் சைபர் கஃபேல ஆரம்பிச்சவ, இப்பவும் வேலை முடிஞ்சு வந்து டெத் நைட்ல டேங்க் வகையான பிளட் டெத் நைட்தான் ஆடுறேன். டெத் ஸ்ட்ரைக்ங்கிற அடிய அடிச்சா கடைசி 5 விநாடியில நாம வாங்குன அடிய வச்சுத்தான் ஹெல்த், அதாவது உயிர், திரும்ப வரும். பெரிய அடி விழறதுக்கு முன்னாடியே தட்டிட்டா வீண், லேட்டா தட்டுனா ஆளே காலி. சர்வர் ஆஸ்திரேலியாவுல இருக்கு, நாங்க செம்பனைத் தோட்டத்துக்குள்ள இருக்கோம், மழை பேஞ்சா லைன் ஆடும், அந்த லேக்கையும் (தாமதத்தையும்) மனசுல வச்சுக்கிட்டுதான் விரல் போகணும். இதுல சும்மா நிக்கிறது எங்க வருது?

என் தம்பி ஆடுறது புரூமாஸ்டர் மங்க்ங்கிற டேங்க். அவனுக்கு விழுற அடியில ஒரு பங்கு அப்பவே இறங்காது, ஸ்டாகர்ங்கிற கணக்குல போய் சேர்ந்துக்கும், கடை புக்குல எழுதி வச்ச சாமான் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா பிடிப்பாங்க, பாக்கி ஏறிப்போச்சுன்னா பியூரிஃபையிங் புரூங்கிற பானம் குடிச்சு அதுல பாதிய அழிச்சிடுவான். எங்க அத்தை மகன் கரடியா மாறுற கார்டியன் டுரூயிட், அவருக்கு கேடயத்தால தடுக்குற பிளாக்கும் கிடையாது ஆயுதத்தால தட்டிவிடுற பேரியும் கிடையாது, அயர்ன்ஃபர்ங்கிற திறனை மேல மேல ஏத்தி தோலைத் தடிப்பாக்கணும், அதுவும் மந்திர அடிக்கு உதவாது. பலடின்ங்கிற டேங்க் கேடயத்தோட நின்னுக்கிட்டே சாகப்போற கூட்டாளிக்கு லே ஆன் ஹேண்ட்ஸ் போட்டு காப்பாத்துவாரு, டீமன் ஹண்டர்ங்கிற டேங்க் ஒரு இடத்துல நிக்காம குதிச்சுக்கிட்டே இருப்பாரு. எல்லாம் ஒன்னா ஐயா?

அஞ்சு பேர் டன்ஜன்ங்கிற எதிரிங்க இடத்துக்குள்ள போனா டேங்க் ஒரே ஆளு. எந்தப் பக்கம் போறது, எத்தனை எதிரிக் கும்பலை ஒரே நேரத்துல இழுக்குறது எல்லாம் அவர் கையில, மித்திக் பிளஸ்ங்கிற கஷ்டமான டன்ஜன்ல கடிகாரம் வேற ஓடும். தூரத்துல நின்னு மந்திரம் விடுற எதிரிங்க தானா கிட்ட வராது. ஒரு அடி குடுத்துட்டு ஓடிப்போய் தூணுக்குப் பின்னாடி மறையணும், பார்வை மறைஞ்சதும் அதுங்களே தேடிக்கிட்டு வரும், அப்பதான் மத்தவங்க ஒரே இடத்துல போட்டு அடிக்க முடியும். ஒரு வினாடி முந்தி வெளிய தலைய நீட்டுனா நமக்கு உயிர் ஏத்துற ஹீலர் செத்தாரு. எது நடந்தாலும் மொத திட்டு டேங்குக்குத்தான், பாராட்டு எல்லாம் அடிச்சவங்களுக்கு. இப்ப நம்ம பேப்பரும் அதையே சொன்னா எப்படி?

ஏற்கனவே ஸ்கூல் லீவு வந்தா போதும், கேம் ஆடுற பிள்ளைங்க கெட்டுப்போறாங்கன்னு ஒரு பக்கம் போடுவீங்க. அதுக்கு நான் எழுதுன பதில் கடிதத்தை நாலு வரியா வெட்டிப் போட்டீங்க, முக்கியமானது எல்லாம் வெட்டுல போச்சு. எங்க ஊரு சுங்கை சிப்புட் பேரு துன் சம்பந்தன் பொறந்த ஊருன்னு சொல்லவும் சடக்குல லோரி கவுந்தாலும் தான் உங்க பேப்பர்ல வருது, தோட்டத்துல இண்டர்நெட் லைன் கேட்டு நாங்க அலையறது வரல. எங்கப்பா பால்மரம் வெட்டுன காலத்துலேர்ந்து வீட்டுல உங்க பேப்பர்தான், அந்த உரிமையில தான் இவ்வளவும் எழுதுறேன்.

அடுத்த ஞாயிறு ரெண்டு வரி திருத்தம் போடுங்க: டெத் நைட்டுக்குக் கேடயம் கிடையாது, ஆறு டேங்கும் ஆறு விதம். இனிமே இந்த மாதிரி கட்டுரை வந்தா ஆடுறவங்க யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிட்டுப் போடுங்க. என்கிட்ட அனுப்புனாலும் பாத்துத் தர்றேன், காசு எதுவும் வேணாம். இந்தக் கடிதத்தையாவது வெட்டாம போடுங்க ஐயா.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்