கையெழுத்துப் போடும் முன் அந்த லீக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மேட்ரிக் முடிக்கப் போகிற பிள்ளைகளில் நன்றாக ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், ஹாக்கி ஆடுகிறவர்கள் இருக்கிற வீடுகளில் இப்போது அமெரிக்க ஸ்காலர்ஷிப் பேச்சுத்தான். நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் பெற்றோர் சிலர் அங்கிருந்து வந்த காகிதங்களை என்னிடமும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஃபீஸில் எவ்வளவு கழியும், தங்குமிடம் உண்டா, சாப்பாடு சேர்த்தியா என்று எல்லாம் கேட்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் எந்த கான்ஃபரன்ஸில் ஆடுகிறது, பிள்ளை படித்து முடிக்கிற வரை அதிலேயே இருக்குமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கான்ஃபரன்ஸ் என்றால் வேறொன்றுமில்லை, பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகிற லீக். பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் இருக்கிறவை சேர்ந்துகொள்ளும். யாரோடு ஆடுவது, எவ்வளவு தூரம் பயணம் போவது, டிவி பணத்தில் எவ்வளவு பங்கு வரும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1915இல் தொடங்கி, கடைசியில் பேக்-12 என்ற பெயரோடு இருந்த லீக், எல்லா விளையாட்டிலும் சேர்த்து 500க்கு மேல் தேசியப் பட்டம் எடுத்தது. நம் தென்னாப்பிரிக்காவுக்கும் அந்த லீக்கோடு சம்பந்தம் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலேயில் உலக சாதனையோடு தங்கம் வாங்கின ரோலண்ட் ஸ்கூமன், லிண்டன் ஃபெர்ன்ஸ், ரிக் நீத்லிங், நம் பைன்டவுனில் பிறந்த டேரியன் டவுன்சென்ட், நாலு பேருமே அரிசோனா பல்கலைக்கழகக் குளத்தில் பயிற்சி எடுத்தவர்கள். அந்த அரிசோனா அப்போது இதே பசிபிக் லீக்கில்தான் இருந்தது.

அந்த லீக் ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் சிதறிப்போனது. 2022 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும், 2024 முதல் பிக் டென்னுக்குப் போகிறோம் என்றன. பிக் டென் என்பது சிகாகோ, மிச்சிகன், ஒஹாயோ பக்கத்து லீக். அடுத்த இரண்டு மாதத்துக்குள் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் போனதும் பேக்-12க்கு டிவியில் மதிப்பு விழுந்துவிட்டது, கடைசியில் கையில் இருந்தது சந்தா எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் தருகிற ஆப்பிள் ஒப்பந்தம் ஒன்றுதான். 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள்: ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு லீக்குக்கு. செப்டம்பர் 1ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரை லீக்கான ஏ.சி.சி.க்கு, அதுவும் முதல் ஏழு ஆண்டுக்கு டிவி பணத்தில் 30 சதவீதப் பங்கு போதும் என்று ஒத்துக்கொண்டு. பசிபிக் ஓரத்தில் இருக்கிறவர்கள் அட்லாண்டிக் லீக்கில் ஆடுகிறார்கள்!

மிஞ்சியது இரண்டு. கோர்வாலிஸ் என்ற ஊரில் இருக்கிற ஆரிகன் ஸ்டேட், புல்மன் என்ற ஊரில் இருக்கிற வாஷிங்டன் ஸ்டேட். புல்மன் கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர், அந்த ஊரே பல்கலைக்கழகத்தை நம்பித்தான் இருக்கிறது. கோர்வாலிஸிலோ அப்போதுதான் சுமார் 16 கோடி டாலர் செலவில் ஸ்டேடியத்தைப் புதுப்பித்து முடிக்கிற கட்டம். ஸ்டேடியம் திறக்கிற சமயத்தில், அடுத்த ஆண்டு ஆடுவதற்கு லீக் இல்லை. இவர்கள் நன்றாக ஆடாததால் விட்டுவிட்டுப் போனார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊர் சின்னது, டிவி பெட்டி எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான்.

இந்த இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விட்டுப் போகிறோம் என்று அறிவித்தவர்களுக்கு லீக் நிர்வாகத்தில் ஓட்டு இல்லை என்று லீக்கின் சட்டமே சொல்கிறது, அதனால் லீக்கும் அதன் சேமிப்பும் எங்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்று புல்மன் இருக்கிற விட்மன் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 நவம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது, டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்கன் ஃபுட்பாலில் வாஷிங்டன் ஸ்டேட், அதே ஆண்டு ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டி வரை போன வாஷிங்டனை 24–19 என்று சியாட்டிலில் வைத்தே தோற்கடித்தது. ஆரிகன் ஸ்டேட் பேஸ்பால் அணி 2025இல் எந்த லீக்கிலும் இல்லாமல் தனியாக ஆடி, கடைசி எட்டு அணிகள் மோதும் ஒமாஹா போட்டி வரை போனது. பிறகு இருவரும் பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், கொன்சாகா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமாகப் பேசிச் சேர்த்து, 2026 முதல் லீக்கைத் திரும்ப நடத்த ஏற்பாடு செய்தார்கள்.

ஆனாலும் இழந்தது இழந்ததுதான். வாஷிங்டன் ஸ்டேட் ஃபுட்பால் அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் கேம் வார்ட் மயாமி பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.இன் 2025 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஆரிகன் ஸ்டேட் பெண்கள் பாஸ்கெட்பால் அணி 2024 வசந்தத்தில் நாட்டின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது, அது முடிந்த சில வாரத்திலேயே முக்கிய ஆட்டக்காரர்கள் பெரிய லீக்குகளுக்குப் பிரிந்து போனார்கள். என்னை உண்மையிலேயே வருத்தியது 2025 ஜூனில் வந்த செய்தி. வாஷிங்டன் ஸ்டேட் தன் தடகளத்தில் தாண்டுதல், எறிதல் போட்டிகளை நிறுத்தி, குறுகிய தூர ஓட்டத்தையும் சுருக்கி, நீண்ட தூர ஓட்டத்தை மட்டும் பெரிதாக வைத்துக்கொள்வதாக அறிவித்தது. தடகளத்தில் என் வயதுக்காரர்களுக்குப் புல்மன் என்றால் ஹென்ரி ரோனோதான். கென்யாவிலிருந்து போய் அங்கே மாணவராக இருந்தபோது, 1978இல் 81 நாளுக்குள் நாலு உலக சாதனையை முறியடித்தார். நாங்கள் அந்தச் செய்தியைப் படித்த காலத்தில் நம் பிள்ளைகள் இந்த நாட்டுக்காக ஓடவே முடியாது, தென்னாப்பிரிக்காவுக்கு ஒலிம்பிக் கதவு மூடியிருந்தது, நாம் கரீஸ் ஃபவுண்டனில் நமக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தோம். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பையன் அங்கே போய் இப்படிச் செய்ய முடியும் என்று காட்டிய இடம் அது. இன்று நம் ஊரில் ஈட்டி எறிகிற, நீளம் தாண்டுகிற ஒரு பிள்ளைக்கு அங்கே இடம் இல்லை.

இது தூரத்து அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று சாட்ஸ்வொர்த்காரர் யாரும் சொல்லக்கூடாது. 1928இல் டர்பனில் தொடங்கிய கால்பந்து அணி மேனிங் ரேஞ்சர்ஸ், 1996–97இல் நம் நாட்டுக் கால்பந்து லீக்கான பி.எஸ்.எல்.இன் முதல் சீசனிலேயே கோர்டன் இகெசுண்ட் பயிற்சியில் சாம்பியன் ஆனது. சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். பத்து ஆண்டு கழிவதற்குள் கீழ் டிவிஷனுக்கு இறங்கி, பணமில்லாமல், 2006இல் லீக்கில் அதற்கிருந்த இடம் விற்கப்பட்டு, கேப் டவுனுக்கு வேறு பெயரில் போய்விட்டது. ரக்பியிலும் புளூம்ஃபோன்டெய்ன் சீட்டாஸைப் பாருங்கள். 2017இல் சூப்பர் ரக்பியிலிருந்து வெளியே, 2020இல் நம் டர்பன் ஷார்க்ஸோடு மற்ற மூன்று பெரிய அணிகளும் ஐரோப்பியப் போட்டிக்குப் போக முடிவானபோது அதிலும் சீட்டாஸுக்கு இடமில்லை. ஷார்க்ஸ் ஐரோப்பாவுக்குப் போனதில் ஒரு நியாயமாவது இருந்தது. அயர்லாந்து, வேல்ஸ் எல்லாம் தூரம்தான், ஆனால் நேர வித்தியாசம் ஒன்றிரண்டு மணிதான், ராத்திரி விமானத்தில் தூங்கிக்கொண்டே போகலாம். சூப்பர் ரக்பிக்காக நியூசிலாந்துக்குப் போய் வந்த காலத்தில் உடம்பு பட்ட பாட்டுக்கு இது பரவாயில்லை. அமெரிக்காவில் நடந்தது நேர் எதிர். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களை மூன்று மணி நேர வித்தியாசத்தில் நாட்டின் அந்தக் கோடிக்கு அனுப்புகிறார்கள்.

ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் காலேஜுக்கு ஆடப் போவது என்றால் டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு விமானத்தில் போகிற தூரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அமெரிக்கன் ஃபுட்பால் அணி சீசனில் பன்னிரண்டு ஆட்டம்தான் ஆடும், பெரும்பாலும் சனிக்கிழமையில், அதில் பாதி சொந்த ஊரில், தனி விமானமும் உண்டு. அவர்களுக்கு இது பெரிய சுமை இல்லை. வாலிபால், சாக்கர், டென்னிஸ் ஆடுகிற பிள்ளைகள் வார நடுவிலும் ஆடுகிறார்கள், விமான நிலையத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறார்கள், விடிகாலையில் திரும்பி வந்து லேபுக்குப் போகிறார்கள். எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி அங்கே படிக்கிறாள், அவளிடம் பேசினால் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதைவிடத் தூக்கத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறாள். லீக் மாறுகிறது என்று முடிவெடுத்தபோது அவளையோ அவள் அணியையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பல்கலைக்கழகங்களுக்குப் பணம் தேவை என்பது எனக்கும் தெரியும். யு.சி.எல்.ஏ. விளையாட்டுத் துறைக்கு 10 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை இருந்தது, அது போனதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப் போனதால் பெர்க்லிக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்காக யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று இரண்டுக்கும் பொதுவான நிர்வாகக் குழுவே சொல்லிவிட்டது. சரி, ஃபுட்பால் எங்கே பணம் கிடைக்கிறதோ அங்கே போகட்டும். மற்ற விளையாட்டுகளையும் கூடவே ஏன் இழுத்துக்கொண்டு போக வேண்டும்? பிரித்து வைக்க முடியாது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நோட்டர் டேம் ஃபுட்பாலில் எந்த லீக்கிலும் இல்லை, மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஏ.சி.சி.யில் ஆடுகிறது, பல ஆண்டாக அப்படித்தான். விட்டுவிட்டுப் போகப்பட்ட அந்த இரண்டு பல்கலைக்கழகங்களுமே 2024இல் ஃபுட்பாலுக்கு ஒரு ஏற்பாடு, மற்ற பல விளையாட்டுக்கு வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்று தனித்தனியாக ஆடிக் காட்டின. அந்த வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் பெண்கள் பாஸ்கெட்பால் பட்டத்தை 2025இல் ஆரிகன் ஸ்டேட் வாங்கியது. முடியாததல்ல, மனமில்லை.

இன்னொன்றும் பெற்றோர் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. கேட்க நன்றாக இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது, நம் பிள்ளைகள் எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்கள், வேலை செய்து சம்பாதிக்க அந்த விசாவில் கட்டுப்பாடு இருக்கிறது. அதே ஏற்பாட்டில் அணிகளின் ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்துவிட்டது, பணத்துக்கு ஈடுகட்டச் சில இடங்களில் அணியையே மூடுகிறார்கள். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார், அவருக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்தால் போதும்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கெவின் ஆண்டர்சன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஆடிவிட்டுத்தான் விம்பிள்டன் இறுதிக்குப் போனார். போகிற பிள்ளை போகட்டும், ஆனால் கையெழுத்துப் போடும் முன் பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். போன சீசனில் வெளியூர் ஆட்டம் எத்தனை, அதில் விமானப் பயணம் எத்தனை, எத்தனை நாள் வகுப்பு போனது? லீக் மாறும் பேச்சு இருக்கிறதா? ஸ்காலர்ஷிப் ஒரு ஆண்டுக்கா, நாலு ஆண்டுக்கா? அணியைக் கலைத்தால், பட்டம் வாங்குகிற வரை பணம் வருமா? கடைசிக் கேள்விக்குப் பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் அதே பாடத்தை இங்கேயே குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலோ டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான டி.யு.டி.யிலோ படித்தால் எவ்வளவு ராண்ட் ஆகும் என்று ஒரு கணக்கும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரியில் மேட்ரிக் ரிசல்ட் வருகிற சமயம் பார்த்து, இப்படி விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி வந்த நம் பிள்ளைகளை உங்கள் பத்திரிகையில் எழுதச் சொல்லுங்கள். நல்லபடியாக முடித்தவர்கள் மட்டுமல்ல, பாதியில் திரும்பி வந்தவர்களும் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்