புல்டாக் வாங்கும் முன்

ஆசிரியருக்கு,

குழந்தைகளோடு சாதுவாகப் பழகும் என்று புல்டாக் குட்டி தேடுகிறவர்கள் முதலில் அதன் மூச்சைக் கவனியுங்கள். சும்மா நிற்கும்போதே குறட்டைச் சத்தம் வந்தாலோ, மூக்குத் துவாரம் கோடுபோல் ஒடுங்கியிருந்தாலோ அந்தக் குட்டி வேண்டாம். தாய் நாயையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. புல்டாக்கின் சப்பை மூக்குக்கு அது பெரும்பாடு. நம்மூர் சித்திரை வெயிலில் பொழுது ஏறியபின் நடக்க அழைத்துப் போவது உயிருக்கே ஆபத்து. நாக்கு நீலம் பாரித்துத் தள்ளாடினால், உடனே உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்று பட வைத்து, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தியே வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

முக மடிப்புகளைத் தினமும் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுங்கள். இல்லையேல் புண்ணாகி நாறும். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டையே நல்லது.

- கால்நடை மருத்துவர், மதுரை