புத்தக முதுகு வெடிக்கும் உங்கள் பைண்டிங் பசை: நான்காவது புகார்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் பைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். முந்தைய மூன்று கடிதத்துக்கும் 'புகார் பதிவு செய்யப்பட்டது' என்ற குறுஞ்செய்திதான் வந்தது.

மூடியில் புத்தகப் படம் போட்ட அந்த 5 கிலோ வெள்ளைப் பசைதான். ஒரு கல்லூரி நூலகத்துக்கு 64 வால்யூம் தைத்து, முதுகில் இதைத் தடவி, மல் என்கிற வலைத்துணி ஒட்டி, மேலே காலிகோ என்கிற அட்டைத் துணி போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, விரித்தால் படக்கென்று முதுகு வெடிக்கிறது. தையல் இருப்பதால் தாள் உதிரவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷப் பெயர் மண்ணாய்ப் போச்சு.

"காயவிடாம அட்டை போட்டிருப்பீங்க" என்றார் போனில் பேசிய பெண். ராத்திரி முழுக்க பிரஸ்ஸில் இருந்ததம்மா! முன்பு வாங்கிய உங்கள் பழைய டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் புதுசையும் கண்ணாடித் துண்டில் பக்கத்துப் பக்கத்தில் தடவி, இரண்டு நாள் கழித்து உரித்தேன். பழையது ரப்பராய் மடங்கியது. புதுசு அப்பளமாய் முறிந்தது. மரத்துக்கு விறைப்பான பசை போதும். புத்தக முதுகு தினம் வளைகிறது, இளக்கம் வேண்டும். எதை மாற்றினீர்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்தக் கண்ணாடியையும் ஒரு வால்யூமையும் தூக்கிக்கொண்டுதான் உங்கள் திருச்சி டிப்போவுக்கு வந்தேன். போகவர ஒரு நாள் கூலி போனது. அங்கே இருந்தவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒட்டுதா இல்லையா? ஒட்டுதுல்ல, அப்புறம் என்ன?" என்றார். கண்ணாடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டுதுல்லவாம்! டீலரிடம் போகச் சொன்னார், டீலர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார்.

அப்பா மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையில் கட்டிய பேரேடுகள் இன்னும் விரிகின்றன. திரும்பக் கட்டப் பிரிக்க வேண்டுமென்றாலும், அந்தப் பசை ஈரத்துணி வைத்தாலே விட்டுவிடும். உங்களுடையதைக் கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கிறது, தையல் நூலும் சேர்ந்து அறுகிறது.

பழைய வாடிக்கையாளன் என்ற முறையில் பணிவோடு கேட்கிறேன்: பசையின் விலையும், 64 வால்யூமையும் திரும்பக் கட்டும் கூலியும் தாருங்கள். 15 நாள் பார்ப்பேன். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 'தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோர் இல்ல' என்றும் டிப்போவில் சொன்னார்கள். பிழைப்புக்குச் சுயதொழில் செய்கிறவனும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, படிக்கச் சொல்லுங்கள்.

டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது. ஆள் அனுப்பினால் கண்ணாடித் துண்டோடு தருகிறேன். திருச்சிக்கு மட்டும் இனி வர மாட்டேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன், கும்பகோணம்